எல்லை கடக்கும் ஊதியச் சீட்டு

ஜெர்மனியில் ஓர் ஊழியரின் ஊதியத்தைக் கணக்கிடுபவருக்கு, அவர் கத்தோலிக்கத் திருச்சபையிலோ புராட்டஸ்டன்ட் திருச்சபையிலோ உறுப்பினரா என்பது தெரிந்தே ஆக வேண்டும். உறுப்பினர் என்றால், அவருடைய வருமான வரித் தொகையில் பவேரியா, பாடன்-வூர்ட்டம்பர்க் ஆகிய இரு மாநிலங்களில் 8 விழுக்காடும், ஏனைய மாநிலங்களில் 9 விழுக்காடும் திருச்சபை வரியாக ஊதியத்திலிருந்தே பிடிக்கப்படும். சிங்கப்பூரில் கணக்கு வேறு. அங்கே இந்திய வம்சாவளியினரின் ஊதியத்தில் ‘சிண்டா’ நிதிக்கும், சீனர்களின் ஊதியத்தில் சீனர் சமூக மேம்பாட்டு நிதிக்கும், முஸ்லிம்களின் ஊதியத்தில் பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்கும் மாதந்தோறும் சிறு தொகை பிடிக்கப்படுகிறது. விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம், ஆனால், விலகுவதற்கும் ஒரு படிவம் உண்டு.

இந்தியாவில் ஊதியக் கணக்குக்காக எவரும் நம் மதத்தைக் கேட்பதில்லை. ஆனால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர், வரிச் சலுகையை மாத ஊதியத்திலேயே பெறுவதற்காக எதையெல்லாம் அலுவலகத்தில் ஒப்படைக்கிறார் என்று பாருங்கள். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டு ரசீது, குடும்பத்தில் மாற்றுத்திறனாளி இருந்தால் அதற்கான சான்றிதழ், வீட்டுக் கடன் விவரம், வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண். வீட்டு உரிமையாளருக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவருடைய எண் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மருத்துவமனைக்கு நம் நோய் தெரியும்; வங்கிக்கு நம் பணம் தெரியும். ஊதியப் பிரிவுக்கோ எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும். மகப்பேறு விடுப்பு, நீண்ட நாள் நோய் விடுப்பு, நீதிமன்ற ஆணைப்படி பிடிக்கப்படும் ஜீவனாம்சம், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, தொழிற்சங்கச் சந்தா ஆகிய ஒவ்வொன்றும் ஊதியப் பட்டியலில் ஒரு வரியாக அமர்ந்திருக்கிறது. சமூக ஊடக நிறுவனங்கள் நம்மைப் பற்றித் திரட்டுவதில் பெரும்பகுதி ஊகம். ஊதியப் பிரிவில் இருப்பது சான்றிதழ் இணைக்கப்பட்ட உண்மை.

இந்த விவரங்களைத் திரட்டும்படி கட்டளையிடுவது சட்டமே என்பதுதான் இதில் உள்ள சிக்கல். தேவைக்கு மேல் கேட்காதே, தேவை முடிந்ததும் அழித்துவிடு என்கிறது தரவுப் பாதுகாப்புச் சட்டம். இவ்வளவையும் கேட்டு வாங்கு, இத்தனை ஆண்டு பத்திரப்படுத்து என்கின்றன வரிச் சட்டமும் தொழிலாளர் சட்டமும். ஒரே கோப்பின் மீது இரண்டு கட்டளைகள். ஒரு நாட்டுக்குள் நடக்கும்போதே இது எளிதன்று. பல நாடுகளில் ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனத்தில், கட்டளைகளின் எண்ணிக்கை நாடுகளின் எண்ணிக்கையோடு பெருகுகிறது. இதை நிறுவனங்களின் நிர்வாகத் தலைவலி என்று மட்டும் நாம் கருதிவிடக் கூடாது. அந்தக் கோப்பில் இருப்பவர்கள் நாம்.

மாதக் கடைசி வாரம்

நடுத்தர அளவிலான ஒரு மென்பொருள் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தலைமையகம் மூனிக்கில். விற்பனைப் பிரிவு லண்டனிலும் சிங்கப்பூரிலும். துபாயில் சிறு கிளை. பொறியாளர்களில் பெரும்பாலோர் சென்னையில். ஊழியர்களின் அடிப்படை விவரங்கள் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கிளவுட் மென்பொருளில் இருக்கும். ஒவ்வொரு நாட்டிலும் ஊதியத்தைக் கணக்கிட்டுத் தர உள்ளூர்க் கணக்காயர் நிறுவனம் ஒன்று அமர்த்தப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கும் பணி மையம் சென்னையிலோ, மணிலாவிலோ, போலந்தின் கிராக்கோவ் நகரிலோ இயங்கும். அதற்கப்பால் வங்கி, வரித் துறை, ஓய்வூதிய நிதி, காப்பீட்டு நிறுவனம், தணிக்கையாளர். ஊதியம் ஊழியரின் கைக்கு வந்து சேர்வதற்குள் அவருடைய விவரங்கள் ஏழெட்டு நிறுவனங்களின் கணினிகளைத் தொட்டு மீள்கின்றன.

இத்தகைய பணிகளில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மற்றொன்றோடு இணைப்பது பெரும்பாலும் எக்ஸெல் கோப்புதான். ஒரு மென்பொருளிலிருந்து இறக்கி, நான்கு பத்திகளை மாற்றி, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவார்கள். அந்தக் கோப்பின் பிரதிகள் எத்தனை கணினிகளின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் தங்கியிருக்கின்றன என்பதற்கு யாரிடமும் கணக்கு இருக்காது.

அவசரம் இதற்கு முக்கியக் காரணம். ஜெர்மனியில் சமூகக் காப்பீட்டுத் தொகையை அந்த மாதம் முடிவதற்கு முன்பே, கடைசியிலிருந்து மூன்றாவது வங்கி வேலைநாளுக்குள் கட்டியாக வேண்டும். பிரிட்டனில் 2013 முதல், ஊதியம் வழங்கும் நாளன்றோ அதற்கு முன்போ ஒவ்வோர் ஊழியரின் ஊதிய விவரத்தையும் வரித் துறைக்கு மின்வழியே அனுப்ப வேண்டும். இந்தியாவில் பிடித்த வருமான வரியை மறுமாதம் 7ஆம் நாளுக்குள்ளும், வருங்கால வைப்பு நிதியை 15ஆம் நாளுக்குள்ளும் செலுத்த வேண்டும். அளவுகளும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியரும் நிறுவனமும் தலா 12 விழுக்காடு. இலங்கையில் ஊழியர் 8, நிறுவனம் 12, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் தரும் 3. சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள குடிமக்களுக்கு 20, 17. துபாயில் வருமான வரியே இல்லை. ஆனால், வெளிநாட்டு ஊழியர் விலகும்போது முதல் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை தர வேண்டும். இவற்றில் ஒன்று பிழையானாலும் அபராதம் உண்டு. தரவைக் கவனமின்றிக் கையாண்டதற்கு அபராதம் என்றைக்கோ வரலாம். காலக்கெடுவைத் தவறவிட்டால் அடுத்த வாரமே வரும். மனிதர்கள் எதற்கு முதலில் அஞ்சுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விதிகளும் ஓய்ந்து நிற்பதில்லை. இந்தியாவின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ‘ஊதியம்’ என்றே கொள்ளப்படும். பணியிலிருந்து விலகியவரின் நிலுவையை இரண்டு வேலைநாள்களுக்குள் தீர்க்க வேண்டும். தொழிலாளர் பார்வையில் இது நல்ல மாற்றம். முன்பு முப்பது, நாற்பத்தைந்து நாள் எடுத்துக்கொண்ட கணக்கை இரண்டு நாளில் முடிக்க வேண்டிய ஊதியப் பிரிவு, அந்த இரண்டு நாளில் எத்தனை பேருக்கு எந்தக் கோப்பை அனுப்புகிறது என்பதையும் நாம் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

அனுபவம் வாய்ந்தவர்களை விலக்கிவிட்டு மென்பொருளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் மத்திய அரசு ஓர் உதாரணம். 2016இல் அது ‘ஃபீனிக்ஸ்’ என்ற ஊதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. பல துறைகளில் பரவியிருந்த ஊதியப் பணியை நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிறு நகரில் குவித்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. 80,000க்கும் மேற்பட்ட ஊதிய விதிகளை அந்த மென்பொருளால் சமாளிக்க இயலவில்லை. அரசு ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குறைவாகவோ கூடுதலாகவோ ஊதியம் பெற்றனர்; சிலருக்கு ஊதியமே வரவில்லை. ஊழியர்களின் விவரங்கள் பிற ஊழியர்கள் பார்க்கும்படி திறந்துகிடந்ததாகப் புகார்களும் எழுந்தன. மிச்சமாகும் என்ற தொகையைவிடப் பன்மடங்கு செலவாயிற்று.

கசிந்த பட்டியல்கள்

ஊதியத் தரவு வெளியேறும் வழிகள் ஒவ்வொரு முறையும் புதிதாக இருப்பதில்லை. 2013இல் பிரிட்டனின் மாரிசன்ஸ் பல்பொருள் அங்காடி நிறுவனத்தில், தணிக்கையாளர்களிடம் சேர்ப்பிப்பதற்காக ஊதியத் தரவு ஓர் உள்தணிக்கை அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனத்தின் மீது மனக்கசப்பில் இருந்த அவர் அதைத் தமக்கென ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ ஒரு லட்சம் ஊழியர்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, ஊதியம் ஆகியவை 2014இல் இணையத்தில் வெளியாயின. செய்தித்தாள்களுக்கும் குறுந்தகடுகள் போயின. அலுவலர் சிறை சென்றார். பாதிக்கப்பட்ட ஊழியர்களில் 9,000க்கும் மேற்பட்டோர் நிறுவனத்தின் மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஊழியர்கள் பக்கம் நின்றன. 2020 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், பழிவாங்கும் நோக்கில் ஒருவர் செய்த செயலுக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. சட்ட நுட்பத்தின்படி அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கலாம். ஆனால், தம் வங்கிக் கணக்கு எண்ணை வேலைக்குச் சேரும்போது வேறு வழியின்றிக் கொடுத்த கடை ஊழியருக்கு அந்த நுட்பம் எவ்வகையிலும் உதவவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, தரவு வெளியேறிய இடம். எவரும் கோட்டையை உடைத்து உள்ளே நுழையவில்லை. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குத் தரவு கைமாறும் இடத்தில் கசிவு நேர்ந்தது. 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னாப்சாட் நிறுவனத்திலும் அப்படித்தான். தலைமைச் செயல் அலுவலர் எழுதியதுபோல் ஒரு போலி மின்னஞ்சல் ஊதியப் பிரிவுக்கு வந்தது. கேட்ட விவரங்கள் அனுப்பிவைக்கப்பட்டன. 2023இல் ‘மூவ்-இட்’ என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் ஓட்டையை ஹேக்கர்கள் கண்டுபிடித்தபோது, ஜெல்லிஸ் என்ற ஊதியச் சேவை நிறுவனத்தின் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸ், பிபிசி, பூட்ஸ் ஆகிய நிறுவனங்களின் ஊழியர் தரவு ஒருசேரக் களவுபோயிற்று. 2024 மே மாதம் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஊதியத் தரவு, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கணினியிலிருந்து வெளியேறியது. இந்நாள், முன்னாள் படையினர் ஏறத்தாழ 2,70,000 பேர் அதில் அடக்கம். இராணுவத்தின் சொந்தக் கட்டமைப்பை யாரும் தொடவில்லை. பூட்டிய வீட்டின் சாவி, வெளியே வேறொருவர் கையில் இருந்தது.

கசிவு என்றால் இரகசியம் வெளியாவது மட்டும் என்று எண்ணுகிறோம். 2021 டிசம்பரில் குரோனோஸ் என்ற வருகைப்பதிவுச் சேவையின் கிளவுட் அமைப்பைப் பிணைத்தொகை கேட்கும் நச்சு மென்பொருள் முடக்கியது. அமெரிக்காவின் மருத்துவமனைகளும் நகராட்சிகளும் அந்தச் சேவையை நம்பியிருந்தன. கொரோனா அலையும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வந்த அந்த வாரங்களில் செவிலியர்கள் கூடுதல் நேரம் உழைத்தார்கள். எத்தனை மணிநேரம் என்பதைச் சொல்லும் பதிவேடு கிடைக்காததால், பல நிறுவனங்கள் முந்தைய ஊதியத்தையே உத்தேசமாகத் திரும்ப வழங்கின. கூடுதல் உழைப்புக்கான பணம் பல வாரங்கள் தள்ளிப்போனது. உரிய ஊதியத்தை உரிய நாளில் தரவில்லை என்று வழக்குகள் எழுந்தன. கணினிப் பாதுகாப்பில் விழுந்த ஓட்டை, தொழிலாளர் சட்ட மீறலாக மாறிய இடம் அது. ஊதியச் சட்டங்களைக் கடைப்பிடிப்பதை ஒரு துறைக்கும், தரவைக் காப்பதை இன்னொரு துறைக்கும் ஒதுக்கிவிட்டு, இரண்டும் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்தில் சந்தித்துக்கொள்ளும் நடைமுறையை நான் எப்போதும் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

குறைவாகக் கேட்பது

அதற்காகத் தரவே திரட்டக் கூடாது என்று வாதிட இயலாது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம்மவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஊதியம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்க, கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் ஊர் திரும்பியவர்கள் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் ஊதியப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் ஊதியத்தை வங்கி அல்லது பணப் பரிமாற்ற நிலையம் வழியாகவே வழங்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்ற மின்கோப்பு அரசின் பார்வைக்கும் செல்லும். அந்தக் கோப்பு இருப்பதால்தான், ஊதியம் வரவில்லை என்று தொழிலாளி சொல்வதற்குச் சான்று கிடைக்கிறது. சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் விவரமான ஊதியச் சீட்டு வழங்குவது கட்டாயம். பதிவேடு இல்லாத இடத்தில் முதலில் இழப்பவர் தொழிலாளிதான்.

எனவே, கேட்க வேண்டியதைக் கேட்டு, கேட்க வேண்டாததை விட்டுவிட முடியுமா என்பதே கேள்வி. பிரான்ஸ் அதற்கு ஓர் அழகான வழி கண்டது. 2019 ஜனவரியில் அங்கே ஊதியத்திலேயே வருமான வரி பிடிக்கும் முறை அறிமுகமானது. பிரான்ஸில் வரி குடும்பத்துக்குக் கணக்கிடப்படுவதால், ஒருவருக்கு விதிக்கப்படும் வரி விகிதத்தைப் பார்த்தே அவருடைய மனைவியின் வருமானத்தையோ, குடும்பத்தின் பிற சொத்து வருவாயையோ முதலாளி ஓரளவு ஊகித்துவிடலாம். அதை விரும்பாத ஊழியர் ‘நடுநிலை விகிதம்’ ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அவருடைய ஊதியத்தை மட்டும் வைத்து நிறுவனம் வரி பிடிக்கும். வித்தியாசத்தை அவர் நேரே வரித் துறையோடு தீர்த்துக்கொள்வார். வரி குறையவில்லை, சட்டம் மீறப்படவில்லை, முதலாளிக்குத் தெரிய வேண்டாதது தெரியவில்லை.

இந்தியாவில் இதற்கு நிகரான ஒன்று தற்செயலாக நடந்திருக்கிறது. 2023–24 நிதியாண்டு முதல் இயல்பான தேர்வாக ஆக்கப்பட்ட புதிய வருமான வரி முறையில் பெரும்பாலான கழிவுகள் இல்லை. கழிவு இல்லையென்றால் சான்றும் இல்லை. வாடகை ரசீதும் மருத்துவக் காப்பீட்டு ரசீதும் ஊதியப் பிரிவுக்குப் போகத் தேவையில்லை. இதை ஒரு தனியுரிமைச் சீர்திருத்தம் என்று எவரும் வர்ணித்து நான் படித்ததில்லை. ஆயினும், அதன் விளைவு அதுவே. பழைய முறையில் தொடர்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பெரும்பாலான கழிவுகளை நிறுவனத்திடம் தெரிவிக்காமல், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது நேரடியாகக் கோரிக் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். சில மாதங்கள் பணம் முடங்கும். வீட்டில் ஒருவருடைய நோயை அலுவலகம் அறிய வேண்டாம் என நினைப்பவருக்கு அந்தக் காத்திருப்பு பெரிதாகத் தோன்றாது.

வேலை மாறும்போது முந்தைய நிறுவனத்தின் மூன்று மாத ஊதியச் சீட்டைக் கேட்பது நம் நாட்டில் எவரும் வியக்காத வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறை, விண்ணப்பதாரரிடம் முந்தைய ஊதியத்தைக் கேட்பதையே தடைசெய்கிறது. உறுப்பு நாடுகள் தம் சட்டங்களில் அதைச் சேர்ப்பதற்கு 2026 ஜூன் 7 கெடு. அதே நெறிமுறை, நிகரான பணியில் இருப்போரின் சராசரி ஊதியத்தைக் கேட்டறியும் உரிமையையும் ஊழியருக்குத் தருகிறது. நம் நிறுவனங்களில் நிலைமை தலைகீழ். பக்கத்து இருக்கைக்காரரிடம் ஊதியத்தைச் சொல்லாதே என்று பணி ஆணையிலேயே எழுதுகிறார்கள். அதே ஊதிய விவரத்தை ஏழெட்டு வெளி நிறுவனங்களோடு பகிர்கிறார்கள். ஊதியச் சீட்டுக்குப் பூட்டு என்று சொல்லி, பான் எண்ணையோ பிறந்த தேதியையோ கடவுச்சொல்லாக வைக்கிறார்கள். அந்த இரண்டும் அதே சங்கிலியில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தவை.

கேள்வி கேட்கும் உரிமை

2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, ஓர் ஊழியர் தம் நிறுவனத்திடம் ‘என் தரவை யாருக்குக் கொடுத்தீர்கள்?’ என்று கேட்கலாம். ‘எங்கள் சேவை நிறுவனங்களுக்கு’ என்று மழுப்பினால் போதாது, பெயர்களைச் சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. இந்தியா போதிய பாதுகாப்பு உள்ள நாடு என்று ஐரோப்பிய ஆணையம் அங்கீகரிக்காததால், மூனிக் ஊழியரின் தரவைச் சென்னை நிறுவனத்தின் திரையில் திறப்பதற்கே தனி ஒப்பந்த விதிகள் தேவை. ஒப்பந்தம் மீறப்பட்டால் அந்த ஊழியரே உரிமை கோரலாம்.

இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது நல்ல செய்தி. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் நல்லதே.

ஆனால், வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் தேவையில்லை என்று இச்சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. இதில் தவறு காண்பதற்கில்லை. வேலை தருபவரிடம் வேலை செய்பவர் தரும் ஒப்புதலுக்குப் பொருள் குறைவு என்று ஐரோப்பாவிலும் கருதுகிறார்கள். சிக்கல் 11ஆம் பிரிவில் இருக்கிறது. தம் தரவை யார் யாரோடு பகிர்ந்தார்கள் என்று கேட்டறியும் உரிமையை அது, ஒப்புதல் கொடுத்தவர்களுக்கு மட்டுமே வழங்குகிறது. திருத்தம் கோரும் 12ஆம் பிரிவும் அவ்வாறே. ஒப்புதல் கேட்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டதால், கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்தே போய்விடுகிறது. செயலி ஒன்றில் பதிவுசெய்து கைப்பேசி எண்ணைத் தந்தவருக்கு உள்ள உரிமை, முப்பது ஆண்டு உழைத்த நிறுவனத்திடம் தம் ஊதியத் தரவைப் பற்றிக் கேட்பவருக்கு இல்லை.

17ஆம் பிரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் தரவை, வெளிநாட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தப்படி இந்தியாவில் கையாள்வோருக்குச் சட்டத்தின் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமை மட்டும் நீடிக்கிறது. அயல்பணித் தொழில் தழைக்க அந்த விலக்கு தேவைப்பட்டது என்பது புரிகிறது. ஆனால், ஒரே மேசையில் என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். மூனிக் ஊழியர் ஒருவர் கேட்டதற்காக, அவருடைய ஊதியத் தரவு சென்ற நிறுவனங்களின் பட்டியலைச் சென்னையில் ஒரு பெண் தயாரித்து அனுப்புகிறார். ஜெர்மானியருக்கு அது உரிமை. அதே கேள்வியை அவர் தம் சொந்த ஊதியத் தரவைக் குறித்துத் தம் நிறுவனத்திடம் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய சட்டக் கடமை எவருக்கும் இல்லை.

இழப்பு நேர்ந்தாலும் அவருக்குக் கிடைப்பது ஏதுமில்லை. இச்சட்டப்படி வசூலாகும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி விரல்ரேகைத் தரவை முறைப்படி கையாளாத நிறுவனத்தின் மீது தனிநபரே வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம். ஊதியச் சீட்டைப் பார்ப்பதற்கு ஊழியர்களிடம் விரல்ரேகை கேட்ட ஒயிட் காசில் என்ற உணவக நிறுவனம், 2023இல் வந்த தீர்ப்பினால் தனக்கு 1,700 கோடி டாலருக்கு மேல் இழப்பு நேரலாம் என்று அலறியது. மறு ஆண்டே சட்டமன்றம் அந்தச் சுமையைத் திருத்தம் வழியாகக் குறைத்தது. அந்த எல்லைக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால், நம் ஊர்ச் சிறு நிறுவனங்கள்கூட வாசலில் விரல்ரேகைக் கருவியைப் பொருத்தும் காலத்தில், பாதிக்கப்பட்டவர் கையில் சிறு கருவியாவது இருக்க வேண்டாமா?

11, 12ஆம் பிரிவுகளின் உரிமைகளை வேலைவாய்ப்புத் தரவுக்கும் விரிக்க ஒரு சிறு சட்டத் திருத்தம் போதும். தொழிற்சங்கங்கள் இதுவரை இந்தக் கோரிக்கையை உரக்க எழுப்பாதது எனக்கு வியப்பளிக்கிறது. ஊதிய உயர்வு, பணிப் பாதுகாப்பு, ஓய்வூதியம் என்று அவர்களுடைய பட்டியல் ஏற்கெனவே நீளமானது என்பதும் உண்மை. சிறு நிறுவனங்களுக்கு இது சுமையாகும் என்ற மறுப்பு உடனே வரும். ஐம்பது பேர் வேலை செய்யும் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் ஊதியத் தரவு, ஒரு கணக்காயர் அலுவலகம், ஒரு வங்கி, வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. அலுவலகங்கள் ஆகிய நான்கைந்து இடங்களுக்குத்தான் போகிறது. அந்தப் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு தாள் போதும். நாற்பது நாடுகளில் ஊதியம் வழங்கும் நிறுவனத்துக்கு அது ஒரு தாளில் அடங்காது. ஐரோப்பிய ஊழியர்களுக்காக அந்தப் பட்டியலை அது ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கிறது. சென்னை ஊழியருக்கும் அதில் ஒரு பிரதி அனுப்ப வேண்டும், அவ்வளவே.